டிராக் பேண்ட்டில் டிராக் எங்கே?

ஒரு நிமிஷம் குனிஞ்சு உங்க காலைப் பாருங்க. ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்கன்னா, நீங்க போட்டிருப்பது டிராக் பேண்ட்டாகத்தான் இருக்கும். காலையில் மெஸ்ஸுக்கு டிராக். ராத்திரி அரியர் பேப்பருக்குப் படிக்க டிராக். வார்டன் ரவுண்ட்ஸ் வந்தா போர்வைக்குள்ள டிராக். நாலு வருஷ இன்ஜினியரிங் வாழ்க்கையில் நாம் அதிகம் போட்ட உடை எதுன்னு கணக்கெடுத்தால், ஃபார்மல் பேண்ட் பக்கத்தில்கூட வர முடியாது.

இப்போ ஒரு கேள்வி. இதுக்கு ஏன் 'டிராக்' பேண்ட்னு பேரு?

எனக்கும் தெரியாது. தெரியாதுங்கிற விஷயமே, போன செமஸ்டர் லீவு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆயா கேட்டது

எங்க ஊர் திருத்தணி. முருகன் மலை, 365 படி, டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க ஆயா பொதட்டூர்பேட்டைப் பக்கம் பிறந்து, தறிக்குத் தார் சுற்றி வளர்ந்தவங்க. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தமிழும் தெலுங்கும் ரெண்டும் சரளமா வரும். எங்க பக்கத்தில் அது பெரிய விஷயம் இல்லை. திருத்தணியே 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தால் கிடைத்தது அது. வரைபடத்தில் கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு உடனே மாறிடாது. ஆயாவுக்குச் சட்டை இன்னமும் 'சொக்கா'தான். பழைய தமிழ்ப் பேச்சில் 'சொக்காய்', தெலுங்கில் 'சொக்கா'. ரெண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும் ஒரே சட்டை!

நான் டிராக் பேண்ட்டைத் துவைச்சுக் காயப்போட்டிருந்தேன். ஆயா அதைத் தொட்டுப் பார்த்தாங்க.

"இன்னாடா துணி இது, இழுத்தா வருது?"

"டிராக் ஆயா."

"டிராக்குன்னா? ரயிலு போற டிராக்கா?"

எங்க ஊர் அரக்கோணம் – ரேணிகுண்டா ரயில் பாதையில் இருக்கு. ஆயாவுக்குத் தெரிஞ்ச ஒரே டிராக் அதுதான். நான் சிரிச்சேன். "அது வேற டிராக், இது வேற டிராக்"னு சொன்னேன்.

"வேறன்னா எது?"

பதில் வரலை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். தினமும் இடுப்பில் மாட்டுற ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் அந்தப் பேர்னு சொல்லத் தெரியலை. ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சிரிச்ச எனக்கும் அந்த வார்த்தை வெறும் சத்தமாகத்தான் தெரிஞ்சிருக்கு. அவங்களாவது கேட்டாங்க. நான் இருபத்தொரு வருஷமா கேட்கவே இல்லை.

அந்த லீவில் தேடிப் பிடிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

முதலில் 'டிராக்'

பேண்ட்டுக்கு முன்னாடி டிராக் சூட் என்ற முழுச் சொல்லை எடுத்துக்குவோம். கால் பாதிக்கு மட்டும் நாம் வச்சுக்கிட்ட பேருதான் டிராக் பேண்ட்.

'டிராக்' ஆங்கிலத்துக்குள் வந்தது 15-ம் நூற்றாண்டில், பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து. அப்போ அதுக்கு ஓட்டப் பந்தயத்தோடும் ரயிலோடும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பொருள் ஒண்ணுதான்: அடிச்சுவடு. குதிரையோ மனுஷனோ நடந்து போனபின் மண்ணில் பதிஞ்சு நிற்கும் கால் தடம்.

ஒருத்தர் கால் வச்ச இடத்தில் இன்னொருத்தரும் கால் வச்சா, கொஞ்ச நாளில் அது ஒத்தையடிப் பாதை. அப்படித்தான் 'சுவடு' என்ற பொருள் 'பாதை' ஆச்சு. 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் இரும்புப் பாதைக்கும் அதே பேர் போச்சு. ஓட்டப் பந்தயம் நடக்கும் வட்டப் பாதைக்கும் அதே பேர். நம்ம இசிஈ நண்பர்கள் சர்க்யூட் போர்டில் வரையும் செம்புக் கோடுகளும் டிராக்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தகவல் பதியும் வட்டங்களும் டிராக்தான். எல்லாத்துக்கும் அடியில் இருப்பது மண்ணில் பதிஞ்ச ஒரு கால்.

ஆக, ஆயா சொன்ன ரயில் டிராக்கும் என் பேண்ட்டில் இருக்கிற டிராக்கும் வேற வேற இல்லை. ஒரே சொல்லின் ரெண்டு கிளைகள். சிரிச்சது நான், சரியாச் சொன்னது ஆயா.

இதைவிட ஆச்சரியம் தமிழ்ப் பக்கம் காத்திருந்தது. 'தடம்' என்ற சொல்லைப் பாருங்க. கால் தடம்னா சுவடு. வழித்தடம்னா பாதை. பஸ்ஸில் போட்டிருப்பது தட எண். ரயில் கவிழ்ந்தால் செய்தியில் 'தடம் புரண்டது'. ஆங்கில டிராக் சுவட்டிலிருந்து பாதைக்கும், பாதையிலிருந்து ரயிலுக்கும் நடந்த அதே நடையை, எந்தச் சொந்தமும் இல்லாத தமிழ்த் தடமும் தனியா நடந்திருக்கு. மனுஷங்க எங்கே இருந்தாலும் மண்ணில் நடக்கிறவங்கதானே!

ஸ்போர்ட்ஸ் டே அழைப்பிதழில் 'தடகளப் போட்டிகள்'னு போட்டிருப்பாங்க. பள்ளிக்கூடத்திலிருந்து அதைப் படிக்கிறேன். 'தடகளம்' என்பது ஏதோ ஒரே சொல்னு நினைச்சிருந்தேன். அது தடம், களம் என்ற ரெண்டு சொல். தடத்தில் ஓடுவது ஒரு பக்கம். களத்தில் எறிவதும் தாண்டுவதும் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் டிராக் அண்ட் ஃபீல்டுன்னு சொல்றாங்களே, அதேதான். கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு.

அப்புறம் 'சூட்'

'சூட்' என்ற சொல்லின் மூலம் லத்தீன். 'பின்தொடர்தல்' என்ற பொருள் கொண்ட வினைச்சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது. பின்தொடர்வதுக்கும் கோட்டு சூட்டுக்கும் என்ன உறவு?

அந்தக் காலப் பிரபுக்களுக்குப் பின்னாடி எப்பவும் ஒரு பரிவாரம் போகும். பிரபுவைப் பின்தொடரும் அந்தக் கூட்டத்துக்கு இந்தப் பேர். அந்தக் கூட்டம் ஒரே மாதிரி உடுத்தியது. பிறகு, ஒன்றோடொன்று பொருந்தி சேர்ந்தே வரும் உடைத் தொகுதிக்கும் அந்தப் பேர் வந்தது. மேல் சட்டைக்குப் பொருத்தமாகக் கீழ்ச் சட்டை பின்னாலேயே வருது, அதுதான் சூட்.

ஹோட்டலில் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் அறைகளான 'ஸ்வீட்', நாம் லேப்பில் ஓட்டும் டெஸ்ட் ஸ்வீட், டிஜிட்டல் பேப்பரில் படித்த சீக்வென்ஷியல் சர்க்யூட், படத்துக்கு ரெண்டாம் பாகமா வரும் சீக்வெல் எல்லாமே இதே வேரில் பிறந்த அண்ணன் தம்பிகள். எல்லாத்துக்குள்ளேயும் 'ஒன்றன் பின் ஒன்று' ஒளிஞ்சிருக்கு.

இப்போ ரெண்டையும் சேருங்க. டிராக்னா சுவடு. சூட்னா பின்தொடர்வது. 'சுவட்டைப் பின்தொடர்தல்'! சொல்லை உருவாக்கியவர்கள் யாரும் இதை நினைச்சுச் செய்யலை, தற்செயல்தான். ஆனாலும் ஒரு துப்பறியும் கதைக்குரிய தலைப்பு ஹாஸ்டல் கொடியில் காயுதுன்னு தெரிஞ்சதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருச்சு.

'பேண்ட்' கதை சுருக்கமா. இத்தாலியப் பழைய நாடகங்களில் பேண்டலோனே என்று வெனிஸ் நகரத்துக் கஞ்சக் கிழவர் பாத்திரம் ஒன்று வரும். அவர் போடும் நீளமான காலுடையால் அந்த உடைக்கே பேண்டலூன் என்று பேர் வந்தது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அதை வெட்டி பேண்ட்ஸ் ஆக்கினார்கள். இங்கிலாந்துக்கு எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே 'பேண்ட்ஸ்' என்றால் உள்ளாடை. கடையில் பார்த்துக் கேளுங்க. நம்ம ஊர் மட்டும் என்ன? ஆங்கிலத்தில் முழுக்காலுக்கு இருக்கும் 'டிரவுசர்', தமிழ்நாட்டில் முட்டிக்கு மேலே நின்னுடுச்சு.

ஓடும்போது போடாத உடை

சரி, தடத்தில் ஓடுவதற்கான உடை என்பதால் டிராக் சூட். முடிஞ்சதா? இல்லை. இங்கேதான் நான் நினைச்சது தப்பாப் போச்சு.

டிவியில் நூறு மீட்டர் பந்தயம் பார்த்திருப்பீங்க. வீரர்கள் டிராக் சூட்டோடு வருவாங்க. ஸ்டார்ட்டிங் பிளாக் பக்கத்தில் நின்னு கை கால் உதறுவாங்க. அடுத்து என்ன செய்வாங்க? டிராக் சூட்டைக் கழற்றிக் கூடையில் போட்டுட்டு, உள்ளே இருக்கும் சின்ன உடையோடு ஓடுவாங்க. ஓட்டம் முடிஞ்சதும் மறுபடி மாட்டிக்குவாங்க.

அதாவது டிராக் சூட் ஓடுவதற்கான உடையே இல்லை. ஓடுவதற்கு முன்னாடியும் ஓடி முடிச்ச பின்னாடியும் போடும் உடை. காரணம் எளிமையானது. தசை சூடாக இருந்தால்தான் வேகமாகச் சுருங்கி விரியும். வார்ம் அப் செஞ்சு ஏற்றிய சூடு, பேர் கூப்பிடும் வரை காத்து நிற்கும் நேரத்தில் ஆறிடக் கூடாது. ஐரோப்பாக் குளிரில் அரை டிரவுசரோடு நின்னா கேட்கவே வேண்டாம். அதனால் மேலே ஒரு தளர்ந்த உறை. ஷூவோடேயே கழற்றி மாட்ட வசதியா இடுப்பில் எலாஸ்டிக், காலில் ஜிப். நம்ம டிராக் பேண்ட் சிலதில் கணுக்கால் பக்கம் ஏன் ஜிப் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? இதுக்குத்தான்.

பிறகு அந்த உடை மைதானத்தை விட்டு வெளியே வந்தது. அடிடாஸ் கம்பெனி அதுவரை ஷூ செய்த கம்பெனி. 1967-ல் ஜெர்மன் கால்பந்து வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பவர் பெயரில் ஒரு டிராக் சூட் வெளியிட்டது. அவர்கள் செய்த முதல் துணி அதுதான். அடுத்த வருஷம், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், முதன்முறையாக ஒலிம்பிக் ஓட்டங்கள் கரிச்சாம்பல் தடத்திலிருந்து சிந்தெடிக் தடத்துக்கு மாறின. தடம் மாறியது, உடை தெருவுக்கு வந்தது, பேர் மட்டும் மாறலை. இன்னைக்கு எந்தத் தடத்தையும் பார்க்காமலே தேய்ஞ்சு போகிற டிராக் பேண்ட்கள்தான் அதிகம். என்னுடையது அதில் ஒண்ணு.

தமிழ் கிராமர் கைகொடுத்த இடம்

'டிராக் சூட்' என்று சொல்லும்போது, தடத்துக்கும் உடைக்கும் நடுவில் என்ன உறவுன்னு அந்தச் சொல் சொல்லவே இல்லை. தடத்தால் செய்ததா? தடம் போட்டதா? தடத்தில் அணிவதா? நாமாகத்தான் ஊகிக்கணும். ஆங்கில இலக்கணம் இதைக் கூட்டுச்சொல்னு சொல்லி நகர்ந்திடுது. ஆனா எட்டாம் வகுப்பில் நாம் தூங்கிக்கொண்டே கேட்ட ஒரு பாடம் இதுக்காகவே எழுதின மாதிரி இருக்கு: தொகைநிலைத் தொடர்.

'தண்ணீர்க்குடம்' ஞாபகம் இருக்கா? தண்ணீரை உடைய குடம். நடுவில் 'ஐ' என்ற உருபும் 'உடைய' என்ற சொல்லும் ஒளிஞ்சிருக்கு. 'உருபும் பயனும் உடன்தொக்க தொகை' என்று எழுதினால் ரெண்டு மார்க். தொகுதல்னா மறைதல். எது மறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

அதை நம்ம அலமாரியில் ஆடிப் பார்ப்போம்.

டிராக் சூட்: தடத்தில் அணியும் உடை. 'இல்' மறைஞ்சிருக்கு, 'அணியும்' மறைஞ்சிருக்கு. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ரெண்டு மார்க் எடுத்துக்கோங்க.

டீ ஷர்ட்: தேநீருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. கையை விரிச்சு தரையில் போட்டால் 'டீ' என்ற ஆங்கில எழுத்து போல இருக்கும் சட்டை. 'போல' மறைஞ்சிருப்பதால் உவமைத்தொகை. 'மலர்விழி'யும் டீ ஷர்ட்டும் ஒரே வகுப்பு!

ஸ்வெட் ஷர்ட்: இதை வினைத்தொகையா எடுத்தால்தான் சுவாரஸ்யம். ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூணு காலமும் அடங்கும். அதே மாதிரி வியர்த்த சட்டை, வியர்க்கிற சட்டை, வியர்க்கும் சட்டை. எங்க பிளாக்கில் ஒரே சட்டை மூணு காலத்தையும் துவைக்காமலே பார்த்திருக்கு. விளையாட்டை விட்டுட்டுப் பார்த்தாலும் இதில் ஒரு வரலாறு இருக்கு. இதோட அண்ணனான 'ஸ்வெட்டர்' நாம் நினைக்கிற மாதிரி வெறும் குளிருக்கான உடையா பிறக்கலை. பயிற்சி எடுப்பவரை வியர்க்க வைத்து எடையைக் குறைப்பதற்காகப் போட்ட கனமான உடைக்கே 19-ம் நூற்றாண்டில் அந்தப் பேர். 'வியர்க்க வைப்பது'ன்னு நேரடிப் பொருள். எடை குறைக்கப் பிறந்தது, ஊட்டி டூருக்குன்னு ஆகிடுச்சு.

கடைசியா நாம் சொல்லும் வெறும் 'டிராக்'. "மச்சி, என் டிராக் கிழிஞ்சிருச்சு." கிழிஞ்சது தடம் இல்லை, பேண்ட். இடத்தின் பேர் அந்த இடத்துக்குரிய பொருளுக்கு ஆகி வந்திருக்கு. இடவாகுபெயர்! 'இந்தியா ஜெயிச்சிருச்சு'ன்னு கத்தும்போது ஜெயிச்சது பதினொரு பேர் என்கிற மாதிரிதான் இதுவும்.

ஆங்கிலேயர் பேண்ட்டை வச்சுக்கிட்டு முன்னாடி 'டிராக்' சேர்த்தாங்க. நாம் பேண்ட்டைக் கழற்றிப் போட்டுட்டு டிராக்கை மட்டும் வச்சுக்கிட்டோம்.

திருப்பூரில் பேசும் சொற்கள்

இந்த உடைகள் பிறக்கும் இடத்துக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம். நம்ம டிராக், டீ ஷர்ட்டுக்கெல்லாம் நாட்டின் தலைநகர் திருப்பூர். அங்கே மிஷினில் உட்காருபவர்கள் தினமும் சொல்லும் ஒரு வார்த்தை 'சிங்கிள் ஜெர்சி'. டீ ஷர்ட் துணியின் வகை அது. ஜெர்சி என்பது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் கடலில் இருக்கும் ஒரு தீவு. கம்பளி நூலில் பின்னல் வேலைக்குப் பேர்போன இடம். தீவின் பேர் துணிக்கு ஆச்சு, துணியின் பேர் சட்டைக்கு ஆச்சு. அதுவும் இடவாகுபெயர்தான். தீவைப் பார்த்திராத ஒருத்தர் நொய்யல் கரையில் உட்கார்ந்து அதன் பேரை நாளெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார்.

அந்தத் துணிதான் ஆயா இழுத்துப் பார்த்தது. ஆயாவுக்குத் தெரிஞ்ச துணியில் பாவு நீளவாக்கில் போகும், ஊடை குறுக்கே போகும். ரெண்டும் விறைப்பா நிற்கும், இழுத்தால் பெரிசா வராது. இது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. ஒரே நூல் கண்ணி கண்ணியா வளைஞ்சு ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். இழுத்தால் கண்ணி நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். விளையாட்டு உடைக்கு இது பொருந்தக் காரணமும் அதுவே.

திருப்பூரின் செல்லப் பேரான 'பனியன்' இன்னும் தூரம் போய் வந்த சொல். குஜராத்தி வியாபாரிகளை 'வாணியோ' என்பார்கள். நம்ம 'வணிகர்' அதோட உறவுச் சொல். போர்ச்சுகீசியர் வாயில் அது பனியன் ஆச்சு. ஆங்கிலேயர் அதை எடுத்துக்கிட்டு, இந்திய வணிகர் உடுப்பு மாதிரி இருந்த தளர்ந்த அங்கிக்கு அதே பேர் வச்சாங்க. பிறகு உள்சட்டைக்கும் அதே பேர். சுற்றிச் சுற்றி நம்ம ஊருக்கே திரும்பி வந்து, இன்னைக்கு 'பனியன் கம்பெனி'யா போர்டில் தொங்குது. இது சுத்தமான தமிழா, இல்லையான்னு சண்டை போடுவதைவிட, எந்த வழியா நடந்து வந்துச்சுன்னு கேட்பது எனக்குப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடம் இருக்கு.

ஆயாவுக்குப் பதில்

இவ்வளவும் படிச்ச பிறகு ஒரு நாள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆயா, நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். ரயிலு போறதும் டிராக்தான், இதுவும் அதே டிராக்தான்"னு ஆரம்பிச்சேன். தடம், ஓட்டப் பந்தயம் எல்லாம் சொன்னேன். லத்தீன் கதையை விட்டுட்டேன். தடம்னு சொன்னதும் அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. எனக்கு ஒரு லீவு முழுக்க ஆனது, அவங்களுக்கு ஒரு சொல்லில் முடிஞ்சது.

"அப்போ ஓடறவன் போடறது?"

"இல்ல ஆயா, ஓடறதுக்கு முன்னாடி போட்டிருப்பான். ஓடும்போது கழட்டிடுவான்."

ஆயா என்னையும் என் காலையும் ஒரு தடவை பார்த்தாங்க.

"அதான் நீ கழட்டறதே இல்லியா?"

நாளையிலிருந்து காலையில் கிரவுண்டை ரெண்டு சுற்று ஓடலாம்னு இருக்கேன். வர்றவங்க வாங்க. வரும்போது உங்க அலமாரியிலிருந்து ஒரு சொல்லையும் எடுத்துட்டு வாங்க. ஹூடி, லெக்கிங்ஸ், ஷார்ட்ஸ், எதுவானாலும் சரி. ஏன் அந்தப் பேர்னு உங்க வீட்டில் யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி, நாமே ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்குவோம்.